புளிப்பு அறிந்த நாக்கு: வெள்ளை ஒயினும் தமிழ்ச் சாப்பாடும்

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் பயிலும் மாணவர்களும் உணவகத் தொழில் செய்வோரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பீங்கானுக்குப் பேர்போன ஊரில் ஒயினைப் பற்றிய பேச்சை ஓர் உடைந்த சாடியிலிருந்து தொடங்குவதே முறை. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தியபோது, உள்ளூர்ப் பானை ஓடுகளுக்கு நடுவே மத்தியதரைக் கடல் நாடுகளில் வனைந்த ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. இரண்டு காது, குறுகிய கழுத்து, கூம்பிய அடி. தரையில் தானாக நிற்காது. கப்பலின் வயிற்றுக்குள் நெருக்கி அடுக்குவதற்கு ஏற்ற வடிவம். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் அங்கே மறுபடியும் மண்வெட்டி இறங்கியது. ஆம்போரா ஓடுகளை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், கிரேக்கத் தீவான கோஸின் சாடி வகை அங்கே மிகுதி என்று கண்டார். சில சாடிகளில் ஆலிவ் எண்ணெய் வந்தது. சிலவற்றில் மீனை உப்பிட்டு நொதிக்க வைத்த ‘கரும்’ என்ற சாறு வந்தது. கோஸ் சாடிகளின் சரக்கு ஒயின்.

புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் ஏந்திப் பெண்கள் ஊட்ட, பாண்டியன் நன்மாறன் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறார். அரசன் கையில் பொன். அதுவரை சரக்கைக் கடல் கடத்திக் கொண்டுவந்து சேர்த்தது மண்.

அந்த மண்ணுக்கு ஒரு குறை உண்டு. மெருகு ஏற்றாத சுட்ட களிமண்ணில் நுண்துளைகள் இருக்கும் என்பது சூளை வேலை தெரிந்த இந்த ஊருக்குப் புதிய செய்தி இல்லை. துளை வழியே சரக்கு கசியும், காற்று உள்ளே போகும். காற்றுப் பட்ட ஒயினை அசெட்டிக் பாக்டீரியா காடியாக்கிவிடும். அதைத் தடுக்கவே ஆம்போராவின் உட்புறத்தில் பைன் மரக் கீலை உருக்கிப் பூசினார்கள். கீலின் வாசம் ஒயினில் ஏறியது. இன்றைக்கும் கிரேக்கர்கள் ரெட்சினா என்ற வெள்ளை ஒயினில் வேண்டுமென்றே பைன் பிசினைச் சேர்க்கிறார்கள். பழகிய வாசத்தை விட மனமில்லை. கோஸ் ஒயினுக்கு இன்னோர் அடையாளம் கடல்நீர். அதைக் கலந்து அந்த வகை ஒயினைச் செய்யும் முறையை ரோமானியரான கேட்டோ, கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே தம் வேளாண்மை நூலில் எழுதி வைத்திருக்கிறார். தமிழகக் கடற்கரையில் இறங்கிய அந்த மதுவில் உப்பும் பிசினும் புளிப்பும் சேர்ந்தே இருந்திருக்கும்.

மூன்றில் உப்பும் பிசினும் காலப்போக்கில் கழன்றுகொண்டன. புளிப்பு நின்றது. இன்றைய பேச்சு முழுக்க அந்தப் புளிப்பைப் பற்றியதுதான்.

சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலும் விதையும் சாறோடு சேர்ந்தே நொதிக்கின்றன. நிறமும் டானின் என்ற துவர்ப்பும் அங்கிருந்து வருகின்றன. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து, தோலை ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்க விடுகிறார்கள். நிறம் பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது என்பதால் கறுப்புத் திராட்சையிலிருந்தும் வெளிறிய ஒயின் எடுக்க முடியும். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கறுப்புப் பழம், மஸ்கட் ஹாம்பர்க் என்ற உலகறிந்த வகை. ஒன்றை நசுக்கிப் பார்த்தால் சதைச்சாறு ஏறக்குறைய நிறமற்று இருப்பது தெரியும்.

தோல் போனதும் துவர்ப்பும் போகிறது. பிறகு வெள்ளை ஒயினை நிமிர்த்திப் பிடிப்பது அமிலம் ஒன்றுதான். அதில் முதன்மையானது டார்டாரிக் அமிலம். எலுமிச்சையிலும் தக்காளியிலும் சிட்ரிக் அமிலம், ஆப்பிளில் மாலிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம் என்று புளிப்புக்குப் பல முகம். டார்டாரிக் அமிலம் தாராளமாக இருக்கும் பழங்கள் மிகச் சில. திராட்சை ஒன்று. இன்னொன்று, தமிழ்ச் சமையலறையின் பானையில் உருண்டையாகக் கிடக்கும் புளி. புளியின் சதையில் 8 முதல் 18 விழுக்காடு வரை டார்டாரிக் அமிலம் இருக்கிறது.

இந்த அமிலத்துக்கு அறிவியலிலும் பெரிய இடம் உண்டு. ஒயின் பீப்பாய்களின் உட்சுவரில் படியும் உப்பிலிருந்து 1769-ல் வேதியியலாளர் கார்ல் ஷீலே இதைப் பிரித்தெடுத்தார். 1848-ல் இளைஞர் லூயி பாஸ்டர், இதன் உப்புப் படிகங்களை உருப்பெருக்கியில் பார்த்து, வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வகையாகப் பொறுக்கிப் பிரித்தார். மூலக்கூறுகளுக்கு வலம், இடம் உண்டு என்ற வேதியியல் பாடம் அங்கே பிறந்தது. குளிர்பதனப் பெட்டியில் வைத்த வெள்ளை ஒயின் புட்டியின் அடியில் சில நேரம் கண்ணாடித் தூள் போல மின்னுவதும் இந்த உப்புதான். பயந்து கீழே கொட்ட வேண்டியதில்லை.

ஆகவே வெள்ளை ஒயினைச் சுவைக்கப் புதிய நாக்கு எதுவும் தேவைப்படாது. குழம்பு கொதிக்கும்போது கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து, “புளி தூக்கலா இருக்கு” என்றோ “பச்சை வாசம் இன்னும் போகல” என்றோ சொல்லும் கை இந்த ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. ஒயின் சுவைப்பவர் செய்வதும் அந்த வேலைதான்: அளவு பார்ப்பது, குறை கண்டுபிடிப்பது, எதனோடு சேரும் என்று முடிவுகட்டுவது.

முதலில் கண். சுவைப்பதற்கென்றே 1977-ல் ஐஎஸ்ஓ 3591 என்ற தரநிலை வந்தது. முட்டை வடிவில், மேலே குறுகிய வாயுள்ள கண்ணாடிக் குவளை. முழுக் கொள்ளளவு சுமார் 215 மில்லி, ஊற்றுவது 50 மில்லி மட்டும். மீதி இடம் வாசனைக்கு. குவளையைக் காம்பில் பிடித்து, வெள்ளைப் பின்னணியின் மேல் சாய்த்துப் பார்க்க வேண்டும். இளம் ஒயின் வைக்கோலின் வெளிர் மஞ்சளில், சில நேரம் பச்சை ஓட்டத்தோடு இருக்கும். வயது ஏறினாலோ மரப் பீப்பாயில் இருந்தாலோ பொன்னிறமாகும். பழுப்பு தட்டினால் காற்றுப் பட்டு வீணாகியிருக்கலாம்.

கண் ஏமாற்றவும் செய்யும். ஜில் மோரோ, ஃபிரெடெரிக் புரோஷே, டெனிஸ் துபுர்தியே மூவரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பேர்போன சான்று. போர்தோவில் ஒயின் படிப்புப் பயிலும் 54 பேரிடம் வெள்ளை ஒயின் ஒன்றை, மணமில்லாத சிவப்பு நிறமி கலந்து கொடுத்தார்கள். எலுமிச்சை, தேன் என்று வெள்ளைக்குரிய சொற்களை எழுதியிருக்க வேண்டியவர்கள், சிவப்பு ஒயினுக்குரிய பழ வாசங்களை எழுதினார்கள். மூக்கு சொன்னதைக் கண் திருத்திவிட்டது.

அடுத்து மூக்கு. தமிழ்நாட்டு மூக்குக்கு இங்கே நல்ல சாதகம் இருக்கிறது. மஸ்கட் குடும்பத் திராட்சைகளின் பூ வாசத்துக்குக் காரணமான பொருள்களில் முக்கியமானது லினலூல். கொத்தமல்லி விதையின் எண்ணெயில் மிகுந்திருப்பதும் அதே லினலூல்தான். தனியா வறுக்கும் அடுப்படியில் வளர்ந்தவருக்கு மஸ்கட் ஒயின் முன்பே அறிமுகம். சாவிஞோன் பிளாங் ஒயினில் வரும் குடைமிளகாய் வாசத்துக்குப் பைரசின் வகைப் பொருள் காரணம். குடைமிளகாயிலும் அதுவே இருக்கிறது. ஆஸ்திரியாவின் குரூனர் வெல்ட்லினர் என்ற வெள்ளை ஒயினில் மிளகு வாசம் வரும். மிளகு வாசத்துக்கு ரோட்டண்டோன் என்ற பொருள் காரணம் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிவப்பு ஷிராஸ் திராட்சையிலும் மிளகிலும் கண்டு 2008-ல் வெளியிட்டார்கள். ஒயினை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு போனவர்கள் யவனர்கள். இரண்டுக்கும் நடுவே இப்படி ஒரு மூலக்கூறு உறவு இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

கடைசியில் வாய். ஒரு மிடறை நாக்கு முழுதும் படும்படி உருட்டி, சிறிது காற்றை உள்ளிழுக்க வேண்டும். வாசம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும். சுவையென்று பேசப்படுவதில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. பிறகு நாக்கின் ஓரத்தைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு எச்சில் ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு. இனிப்பு தெரிகிறதா, தொண்டையில் ஆல்கஹாலின் சூடு எவ்வளவு என்பவை அடுத்த கேள்விகள். தொழில்முறைச் சுவைஞர்கள் இத்தனையும் முடித்தபின் துப்பிவிடுவார்கள். துப்புவது அங்கே மரியாதைக் குறைவாகாது. நாளொன்றுக்குப் பல புட்டி பார்ப்பவருக்கு அதுதான் வேலை ஒழுங்கு. ஆல்கஹாலில் இவ்வளவுவரை தீங்கில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவித்ததையும், தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

இனிப் பொருத்தம். மீனுக்கு வெள்ளை, ஆட்டுக்கறிக்குச் சிவப்பு என்ற ஐரோப்பிய வாய்ப்பாடு அங்கே பலகாலமாகப் புழங்குவது. அதன் மீன் பாதிக்கு 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு காரணம் கண்டார்கள். பல ஒயின்களைக் கடற்சிப்பியோடு சேர்த்துச் சுவைத்ததில், இரும்புச்சத்து மிகுந்த ஒயின்களோடு வாயில் கவிச்சி வீசியது. சிவப்பு ஒயின்களில் இரும்பு பொதுவாகக் கூடுதல். கடலூர்த் துறைமுகத்து இறாலுக்கும் சங்கராவுக்கும் இந்தக் கவிச்சிக் கணக்கு பொருந்தும்.

ஆனால் ஐரோப்பிய வாய்ப்பாட்டில் புளிக்குழம்பு கிடையாது, மிளகாயும் கிடையாது. தமிழ்ச் சாப்பாட்டுக்கு மீனா கறியா என்பதைவிட, எவ்வளவு புளி, எவ்வளவு காரம் என்ற கேள்விகளே முந்தி நிற்கின்றன.

புளிக்கு விதி எளிது: ஒயினின் புளிப்பு சாப்பாட்டின் புளிப்புக்குக் குறையக் கூடாது. குறைந்தால் குழம்புக்குப் பின் ஒயின் சப்பென்று, தண்ணீர் கலந்ததுபோல ஆகிவிடும். சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தால் இரண்டின் புளிப்பும் ஒன்றையொன்று தணித்து, அடியில் இருக்கும் பழச்சுவை வெளியே வரும். எலுமிச்சை பிழிந்த வஞ்சிர வறுவலுக்குச் சாவிஞோன் பிளாங் சேர்வது இதனால்தான். கெட்டிப் புளி கரைத்த வத்தக்குழம்புக்கு நேராக எந்த ஒயினும் நிற்காது. அங்கே தோல்வியை ஒப்புக்கொண்டு மோரைக் குடிப்பது நலம்.

காரத்துக்குக் கணக்கு வேறு. மிளகாயின் கேப்சைசின் தொடுவது நாக்கின் சுவை மொட்டுகளை அல்ல, சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியை. சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் அளவில் எச்சரிக்கும் அந்த ஏற்பி, எத்தனால் பட்டால் 34 டிகிரி அளவிலேயே விழித்துக்கொள்கிறது என்று 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. உடம்பின் சூடே 37. அதனால்தான் காரம் தின்ற வாயில் ஆல்கஹால் ஊற்றினால் எரிச்சல் ஏறுகிறது. 14 விழுக்காடு ஆல்கஹால் உள்ள கனத்த சார்டனே ஒயின், கடலோர மீன் குழம்புக்கு எதிரி. அந்தக் குழம்புக்கு வேண்டியது ஆல்கஹால் குறைந்து, புளிப்பு உயர்ந்து, லேசான இனிப்பு மிஞ்சிய ஒயின். ஜெர்மனியின் ரீஸ்லிங்கில் இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்கும். இந்தியாவில் நெருங்கி வருவது சற்றே இனிப்புள்ள செனின் பிளாங். குழம்பில் ஒரு சிட்டிகை வெல்லம் போடும் கைக்கு இதன் நியாயம் விளங்கும்.

நெய்க்கும் எண்ணெய்க்கும் மறுபடி புளிப்பே மருந்து. வெண்பொங்கலில் நெய்யும் முந்திரியும் வாயில் படர்ந்தபின், புளிப்பும் குமிழியும் உள்ள ஒயின் ஒரு மிடறு அதைத் துடைத்துவிடும். விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் முந்திரி ரகங்களை உருவாக்கி வந்திருக்கிறது. பண்ருட்டி முந்திரிச் சந்தையும் பக்கத்தில்தான். உப்பும் மிளகுத்தூளும் போட்டு வறுத்த முந்திரியோடு இனிப்பில்லாத நுரை ஒயினோ, மிளகு வாசமுள்ள குரூனர் வெல்ட்லினரோ வைத்துப் பார்ப்பது, பொருத்தம் கற்பவருக்கு மிக எளிய முதல் பாடம்.

மோர்க்குழம்புக்கும் அவியலுக்கும் வழி வேறு. பல சார்டனே ஒயின்களில் லாக்டிக் பாக்டீரியாவைக் கொண்டு கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றுகிறார்கள். அப்போது டைஅசிட்டைல் என்ற பொருள் உண்டாகி வெண்ணெய் வாசம் தருகிறது. தயிரும் வெண்ணெயும் மணப்பதற்கும் அதற்குப் பங்குண்டு. தேங்காயும் தயிரும் சேர்ந்த குழம்போடு அந்த ஒயின் அண்ணன் தம்பியாகப் பழகும். சர்க்கரைப் பொங்கலுக்கு நிபந்தனை ஒன்றே: ஒயின் பொங்கலைவிட இனிப்பாக இருக்க வேண்டும். கொடியிலேயே கூடுதல் நாள் விட்டுப் பழுத்த பழத்தின் ஒயின் அதற்குத் தேறும்.

இந்திய வெள்ளை ஒயின்களில் பெரும்பகுதி மகாராஷ்டிரத்தின் நாசிக் வட்டாரத்திலிருந்து வருகிறது. அங்கே ராஜீவ் சமந்த் தொடங்கிய சுலா நிறுவனம் 2000-ல் சாவிஞோன் பிளாங்கையும் செனின் பிளாங்கையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெங்களூருக்கு அருகே நந்தி மலையடிவாரத்தில் குரோவர் குடும்பத்தின் தோட்டம் அதற்கும் மூத்தது. இந்த நாட்டில் வெள்ளை ஒயின் செய்பவரின் தலையாய கவலை வெயில். பழம் பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், அமிலம் இறங்கும். சூடு கூடினால் அது இன்னும் வேகமாக இறங்கும். அதனால் நாசிக்கில் கொடியை ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்து, மழைக்காலப் பழத்தை விட்டுவிட்டு, குளிர்ந்த இரவுகளில் பழுத்ததை ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். உலகின் வெப்பமான ஒயின் பகுதிகளில் குறைந்த புளிப்பை ஈடுகட்ட டார்டாரிக் அமிலத்தையே அளந்து சேர்ப்பதும் வழக்கம்.

இந்த இடத்தில் மண் திரும்பவும் உள்ளே வருகிறது. விருத்தாசலத்தில் கப்பும் ஃபியூஸ் கட்டையும் கொலு பொம்மையும் ஆகிற கயோலின் என்ற வெள்ளைக் களியைத் தண்ணீரில் கரைத்துத் திராட்சை இலையிலும் குலையிலும் தெளித்தால், வெள்ளைப் படலம் வெயிலைத் திருப்பி அனுப்பும். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் இதை ஆராய்ந்து பயன்படுத்துகிறார்கள். இன்னொரு களிமண் பெண்டோனைட். புட்டியில் அடைத்த வெள்ளை ஒயின் சூடு பட்டால் அதிலுள்ள புரதம் திரண்டு கலங்கலாகும். புரதம் நேர்மின்னேற்றம் கொண்டது, பெண்டோனைட் தகடுகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். 1934-ல் கலிபோர்னிய ஆய்வாளர் சேவெல் இதை எழுதியபின் உலகெங்கும் பரவியது. லிட்டருக்கு ஒரு கிராமோ அதற்கும் குறைவோ போதும். தெளிந்த வெள்ளை ஒயின்களில் பெரும்பாலானவை ஒரு முறையாவது களிமண்ணில் குளித்து வந்தவை.

ஜார்ஜியா நாட்டில் ஒயினே மண்ணுக்குள் பிறக்கிறது. க்வெவ்ரி என்ற பெரிய சாடியைக் கழுத்துவரை புதைத்து, உட்புறம் தேன்மெழுகு பூசி, வெள்ளைத் திராட்சையைத் தோலோடு அதில் நொதிக்க விடுகிறார்கள். நிறம் தேன்பழுப்பு, சுவையில் துவர்ப்பும் உண்டு. இந்த முறையை 2013-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மண்ணும் புளிப்பும் சேருமிடத்தில் ஓர் ஆபத்தும் காத்திருக்கும். ஐரோப்பாவில் நெடுங்காலம் புளித்துப்போன வெள்ளை ஒயினை இனிப்பாக்க மிருதாரசிங்கி என்ற ஈய ஆக்சைடைப் போட்டார்கள். ஈயம் அமிலத்தில் கரைந்து இனித்தது. குடித்தவர்கள் வயிற்று வலியில் துடித்தார்கள். 1690-களில் ஜெர்மனியின் உல்ம் நகர மருத்துவர் எபர்ஹார்ட் காக்கல்தான் நோயையும் ஒயினையும் இணைத்துக் காரணத்தைக் கண்டார். பழைய காலச் சூளைகளில் பளபளப்புக்காகப் போட்டதும் இதே ஈய ஆக்சைடுதான். தரம் கெட்ட மெருகு பூசிய ஜாடியில் ஊறுகாயோ காடியோ ஒயினோ வைத்தால், புளிப்பு அந்த ஈயத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும்.

ஒயின் மேசைக்கு இந்த ஊர் எதைச் செய்து தரலாம் என்று யோசிப்பவருக்கு வேலை நிறைய இருக்கிறது. வெள்ளை ஒயினை 8 முதல் 12 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் பரிமாற வேண்டும். இந்த ஊரின் மே மாதத்தில் அது மேசையில் சில நிமிடம்கூடத் தங்காது. ஐரோப்பாவில் மெருகில்லாத சுட்டமண் உருளையைத் தண்ணீரில் ஊறவைத்து, குளிர்ந்த புட்டியை அதற்குள் நிறுத்துவார்கள். பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படியே அதுவும் வேலை செய்யும். இதற்கு மெருகு கூடாது, ஒயினும் மண்ணைத் தொடாது. துப்பும் கலமும் நிறம் பார்க்கும் வெள்ளைத் தட்டும் பீங்கானிலேயே வரலாம். ஒயினோ புளிக்குழம்போ நேராகப் படும் பாத்திரம் என்றால் மட்டும் ஐஎஸ்ஓ 6486 சொல்லும் சோதனை அவசியம்: 4 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தை ஊற்றி, 22 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, அதில் இறங்கிய ஈயத்தையும் காட்மியத்தையும் அளக்க வேண்டும். புதுச்சேரி உணவகங்களுக்கோ பெங்களூருக்கோ சரக்கு அனுப்ப நினைப்பவர் சூளை பற்றவைக்கும் முன்பே அந்தச் சோதனைக்கான மாதிரிகளை ஒதுக்கிவைத்துக்கொள்ளலாம்.